கவாய் தீவில் ஹெலிகாப்டர் சுற்று: முதல் நாள் ஏறவில்லை, மறுநாள் பாதியில் திரும்பியது – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஹவாயில் உள்ள கவாய் தீவில் ஒரு குடும்பம் ஹெலிகாப்டரில் ஏறப் போனது. முதல் நாள் ஏற முடியவில்லை. மறுநாள் ஏறியும் சுற்று முழுதாக முடியவில்லை. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. இருந்தும் இதை எழுதுவதற்குக் காரணம், வந்த தடங்கல் ஒவ்வொன்றும் பல வாரங்களுக்கு முன்பு வீட்டில் உட்கார்ந்து முன்பதிவு செய்தபோதே உள்ளே வந்துவிட்டது என்பதுதான். குடும்ப நண்பர் என்ற முறையில் நானும் கூடவே இருந்தேன். பெயர்களும் நிறுவனமும் இங்கே வேண்டாம்.

போனவர்கள் ஐந்து பேர்: நடுவயதுத் தம்பதி, கல்லூரியில் படிக்கும் அவர்கள் மகன், அந்தப் பையனுக்குப் பெரியம்மா, அப்புறம் நான்.

கவாய் சுமார் 1,430 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள, ஏறக்குறைய வட்டமான தீவு. ஆனால் காரில் ஒரு முழு வட்டம் அடிக்க முடியாது. வடமேற்கில் நா பாலி என்று சுமார் 27 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலிலிருந்து நேராக எழும்பும் பாறைச் சுவர்கள், சில இடங்களில் 4,000 அடி உயரம். சாலை அங்கே இரண்டு பக்கமும் நின்றுவிடுகிறது. தீவின் நடுவே வையாலேயாலே மலை, உலகத்திலேயே அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று, ஆண்டுக்கு 9 மீட்டருக்கு மேல். இதையெல்லாம் ஒரே மூச்சில் பார்க்க ஹெலிகாப்டர்தான் வழி என்பதால் அங்கே அது பெரிய தொழில். லிஹுவே என்ற ஊரில் கிளம்பி, ஹனபெபே பள்ளத்தாக்கு, வைமியா பெரும் பள்ளத்தாக்கு, நா பாலி, ஹனலெய், கடைசியாக வையாலேயாலே என்று கடிகாரச் சுற்றில் ஒரு வட்டம், ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆளுக்கு 300 டாலருக்கு மேல்.

முன்பதிவு செய்தவர் கணவர். "நல்லதைக் கடைசியில் வைப்போம்" என்று, ஊர் திரும்பும் நாளுக்கு முந்தின நாள் காலை 9 மணிக்கு எடுத்தார். நேரம் சரியான தேர்வு, பகல் ஏற ஏற மலை மேல் மேகம் சேரும். நாள்தான் இடித்தது, அது பின்னால் வருகிறது.

முன்பதிவில் கவனிக்க வேண்டிய இன்னொன்று எடை. படிவத்தில் அவர் தன் எடையை 95 கிலோ என்று போட்டிருந்தார், எப்போதோ பார்த்த எடை அது.

இரண்டு முன்பதிவுகள், ஒருவர் கண்ணிலும் படாத மோதல்

பையனுக்கு ஸ்கூபா டைவிங் சான்றிதழ் உண்டு. தெற்குக் கரையில் கொலோவா லாண்டிங் என்ற இடத்தில் கரையிலிருந்தே இறங்கி டைவ் செய்யலாம். ஹெலிகாப்டருக்கு முந்தின நாள் பிற்பகல் சும்மா இருக்கிறதே என்று, அவன் தன் போனிலேயே இரண்டு டைவ் பதிவு செய்துவிட்டான். இரண்டாவது டைவிலிருந்து மேலே வந்தபோது மணி மூன்றரை.

டைவ் நிறுவனத்தின் படிவத்திலும் விமானப் பயணம் எப்போது என்ற கேள்வி இருந்தது. அவன் மனதில் இருந்தது ஊருக்குப் போகும் விமானம், அதற்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. அதையே எழுதினான், பொய்யில்லை. ஹெலிகாப்டர் அப்பாவின் மின்னஞ்சலில், டைவ் பையனின் போனில். இரண்டையும் ஒரே தாளில் வைத்துப் பார்க்க ஆள் இல்லை.

முதல் நாள்: கவுன்டரில்

காலை எட்டே கால். வானம் அப்படியே துடைத்து வைத்தாற்போல் இருந்தது, மலை உச்சி வரை தெரிந்தது; அது அங்கே தினமும் கிடைக்கும் காட்சி அல்ல. ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்கள். கடந்த 24 மணி நேரத்தில் ஸ்கூபா டைவ் செய்தீர்களா என்ற கேள்வியில் பையன் 'ஆம்' என்று போட்டான். கவுன்டரில் இருந்த பெண் எத்தனை டைவ், கடைசியாக எப்போது மேலே வந்தீர்கள் என்று கேட்டார். பையன் கையைத் திருப்பிப் பார்த்தான். டைவின் ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் கைக்கருவியான டைவ் கம்ப்யூட்டரை இன்னும் கழற்றியிருக்கவில்லை, அதில் விமானப் படம் போட்ட சின்னக் குறி, இன்னும் பறக்கக் கூடாது என்பதற்கானது, அணையாமல் நின்றுகொண்டிருந்தது.

"இவரை இன்று ஏற்ற முடியாது." அவ்வளவுதான், பேச்சில் கடுமையும் இல்லை, இடமும் இல்லை.

விஷயம் இதுதான். ஆழத்தில் அழுத்தத்தோடு காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடம்பின் திசுக்களில் கரைகிறது. மேலே வந்த பிறகு அது மெதுவாகத்தான் வெளியேறும். அது போய்த் தீருவதற்குள் உயரத்துக்குப் போனால், வெளி அழுத்தம் இன்னும் குறைவதால், மீதி நைட்ரஜன் குமிழாக மாறலாம். மூட்டு வலியில் தொடங்கி நரம்பு பாதிப்பு வரை போகக்கூடிய நோய் அது. டைவ் செய்பவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் வழிகாட்டுதல்படி, நைட்ரஜன் வெளியேற மேலே வரும் வழியில் நின்று நின்று வரத் தேவைப்படாத ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் என்றால் குறைந்தது 18 மணி நேரம் கழித்தே பறக்க வேண்டும். 2,000 அடியிலிருந்து 8,000 அடி வரைக்கான கணக்கு அது. மூன்றரையிலிருந்து ஒன்பது வரை பதினேழரை மணி நேரம். நிறுவனம் வைத்திருந்த விதியோ 24.

கணவர் விடவில்லை. அரை மணிதானே குறைகிறது என்றார். அப்புறம் இன்னொரு வாதம் வைத்தார், முதலில் கேட்க நியாயமாகத்தான் இருந்தது: ஹவாயில் சுற்றுலா ஹெலிகாப்டருக்கு 1,500 அடி என்றுதானே விதி, 2,000 அடிக்குக் கீழேதானே பறக்கப் போகிறோம்?

இந்த இடத்தில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். அந்த 1,500 அடி கடல் மட்டத்திலிருந்து அல்ல, கீழே இருக்கும் நிலத்திலிருந்து. அதுவும் அதற்குக் கீழே இறங்கக் கூடாது என்ற எல்லை. தனி அனுமதி வாங்கிய நிறுவனங்களுக்கு மட்டும் சில இடங்களில் தளர்வு உண்டு. வையாலேயாலே 5,148 அடி. வைமியா பள்ளத்தாக்கின் விளிம்பே 3,000 அடிக்கு மேல். ஆக இந்தச் சுற்றில் 2,000 அடியைத் தாண்டாமல் திரும்பி வர வழியே இல்லை.

அன்று எடுத்த முடிவும் காரணமும்

பையனை விட்டுவிட்டு நாங்கள் நால்வர் போகலாம், அல்லது எல்லோருமே மறுநாளுக்கு மாற்றலாம். கட்டணம் எதுவும் இல்லாமல் மாற்றித் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. மறுநாள் 11 மணிக்கு இடம் இருந்தது, பையனின் கணக்கும் அதற்குள் தீர்ந்துவிடும்.

பெரியம்மா பளிச்சென்று சொன்னார்: "வானம் இப்படி இருக்கும்போது போய்விட்டு வந்துவிடுவோம், நாளைக்கு எப்படி இருக்குமோ யார் கண்டது. அவன் நாளைக்குத் தனியாகப் போகட்டும்." பையனும், "நீங்க போங்கம்மா, நான் இங்கேயே இருக்கேன்" என்றான். அம்மா மனசு கேட்கவில்லை. "என்னங்க, அவனை விட்டுட்டு என்ன பார்க்கப் போறோம்" என்றதும் பேச்சு முடிந்தது. மறுநாளுக்கு மாற்றினோம்.

மறுநாள் நடந்ததை வைத்து இந்த முடிவைத் தப்பு என்று சொல்வது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. குடும்பமாகப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் வந்தார்கள். ஆனால் அந்த முடிவுக்கு ஒரு விலை இருந்தது, அதை அன்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை: மறுநாளுக்கு அடுத்த நாள் என்று ஒன்று கையில் இல்லை.

ஒரு துணைச் சம்பவம். நாள் காலியாகிவிட்டதே என்று கணவர், "அப்போ காரில் மேலே கோக்கே மலைப்பகுதிக்குப் போவோம், பள்ளத்தாக்கையாவது தரையிலிருந்து பார்ப்போம்" என்று கிளம்பிவிட்டார். டைவ் கடைக்குப் போன் செய்து எதற்கும் கேட்டுவிடலாம் என்றான் பையன். கேட்டதும் நல்லதாயிற்று. கோக்கே சாலை முடிகிற பக்கத்தில் இருக்கும் கலலாவ் காட்சிமுனை சுமார் 4,000 அடி உயரம். உடம்புக்கு ஹெலிகாப்டரில் ஏறினால் என்ன, காரில் ஏறினால் என்ன, உயரம் உயரம்தான். ஹெலிகாப்டர் கவுன்டரில் தடுக்க ஒரு படிவம் இருந்தது, மலைச் சாலையில் யார் தடுப்பார்கள்? கடலோரமாகவே வடக்கே ஹனலெய்க்குப் போய்வந்தோம்.

மறுநாள்: தரையில் காத்திருப்பு

இரவே காற்று மாறிவிட்டது. வடகிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று பலமாகி, ஈரத்தை மலைச்சரிவில் மேலே தள்ளத் தள்ள, உச்சிகள் எல்லாம் மேகத்துக்குள் போய்விட்டன. கவாயில் இது சாதாரணம். காற்று மோதும் பக்கம் மழையாக இருக்கும்போது மறுபக்கம், அதாவது தென்மேற்கும் வைமியாவும், வெயிலடித்துக்கொண்டிருக்கும். பயணிகள் ஏமாறுவது இதில்தான், தான் நிற்கும் இடத்து வானத்தைப் பார்த்துத் தீவையே எடைபோடுவது.

பத்து மணிக்கு அழைப்பு, பறப்பு தள்ளிப்போகிறது என்று. அறையை 11 மணிக்குக் காலி செய்தாக வேண்டும், பெட்டிகள் எல்லாம் வாடகைக் காரில், காரை மாலைக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும், இரவு விமானம். நிறுவனத்தின் முன்னறையில் உட்கார்ந்து மணியைப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. பன்னிரண்டரைக்கு மறுபடியும் தள்ளிப்போனது. கணவர் கவுன்டருக்குப் போய், கொஞ்சம் மேகம் இருந்தாலும் பரவாயில்லை, எங்களுக்கு இன்று விட்டால் வேறு நாள் இல்லை என்றார். மிரட்டலெல்லாம் இல்லை, கெஞ்சல்தான். வந்த பதில்: அது பைலட் முடிவு, நாங்கள் அதில் பேசுவதில்லை.

அந்தப் பதில் எவ்வளவு முக்கியம் என்பது அந்தத் தீவின் வரலாறு தெரிந்தால் புரியும். 2019 டிசம்பர் 26 அன்று இதே லிஹுவேயிலிருந்து கிளம்பிய ஒரு சுற்றுலா ஹெலிகாப்டர் தீவின் வடமேற்கு மலைப்பகுதியில் மோதி, பைலட்டும் ஆறு பயணிகளும் இறந்தார்கள். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2022-இல் முடிவாகச் சொன்ன காரணம், கண்ணால் பார்த்துப் பறக்க வேண்டிய பறப்பை, எதுவும் தெரியாத மேகத்துக்குள்ளும் தொடர்ந்தது. ஹவாயில் வானிலைக் கேமராக்கள் அமைப்பதை விமானப் போக்குவரத்து நிர்வாகம் தாமதப்படுத்தியதையும் துணைக் காரணமாகக் குறித்தது. இந்தச் சுற்றுகள் எல்லாமே வெளியே பார்த்து ஓட்டுபவை. மலைக்கும் மேகத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் சாலை. அது மூடிவிட்டால் திரும்ப வேண்டும். பின்னால் உட்கார்ந்து பணம் கொடுத்த ஆறு பேரின் முகம் அந்த நேரத்தில் பைலட்டுக்கு ஞாபகம் வரக் கூடாது.

ஒன்றரைக்குக் கூப்பிட்டார்கள்.

ஏறுவதற்கு முன்

எடை பார்த்தார்கள். ஆள் மட்டுமல்ல, உடுத்திய துணி, செருப்பு, கேமரா எல்லாம் சேர்த்து. கணவருக்கு 102 வந்தது. 95 என்று போட்டிருந்ததால் முதலில் முன் இருக்கைக்கு நினைத்து வைத்திருந்த ஆளை மாற்றி, ஐந்து பேரையும் மறுபடி அடுக்கினார்கள். ஒற்றை இன்ஜின் ஹெலிகாப்டரில் எடை எங்கே உட்காருகிறது என்பது சமநிலைக் கணக்கு. முன் இருக்கை கேட்டு வாங்குவதில்லை, கிடைத்தால் உண்டு. கணவன் மனைவி பிரிந்து உட்கார வேண்டியதாயிற்று.

இடுப்பில் ஒரு பை கட்டினார்கள், அதற்குள் மடித்த மிதவைச் சட்டை. தண்ணீரில் இறங்க நேர்ந்தால் வெளியே வந்த பிறகே ஊத வேண்டும், உள்ளேயே ஊதினால் கதவு வழியாக வர முடியாது என்று இரண்டு முறை சொன்னார்கள். சுழலி ஓடும்போது முன்பக்கமாக மட்டும் நெருங்க வேண்டும், வால் பக்கம் போகவே கூடாது, தொப்பி கூடாது.

பையனுக்குக் கதவு இல்லாத பறப்பில் ஆசை இருந்தது, அம்மா ஆரம்பத்திலேயே தடுத்திருந்தார். நானும் அம்மா பக்கம்தான். 2018 மார்ச் 11 அன்று நியூயார்க்கில் கதவில்லாத ஹெலிகாப்டர் ஆற்றில் இறங்கியபோது பைலட் தப்பினார். வெளியே விழாமலிருக்க உடம்பில் கட்டியிருந்த கூடுதல் வார்ப்பட்டையை அவிழ்க்க முடியாமல் ஐந்து பயணிகளும் மூழ்கிப்போனார்கள். சட்டென்று அவிழ்க்க முடியாத அத்தகைய பட்டையோடு கதவில்லாமல் பறக்க அதன் பிறகு தடை வந்தது. இன்றைக்கும் அப்படிப் போக விரும்புகிறவர்கள் பட்டையைத் தன் கையால் ஒருமுறை அவிழ்த்துப் பார்த்துவிட்டு ஏறட்டும்.

பறப்பு

பைலட் ஏறியவுடன் ஒன்று சொன்னார், நான் திரும்பினால் ஏன் என்று கீழே போய்க் கேளுங்கள், மேலே கேட்காதீர்கள் என்கிற மாதிரி.

வைமியா வரை குறையில்லை. சிவப்பும் பழுப்புமாக அடுக்கடுக்காகப் பள்ளத்தாக்கு, வெயில் முழுக்க அதன் மேல். அம்மா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அவர் எடுத்த படம் ஒவ்வொன்றிலும் பள்ளத்தாக்கின் நடுவே வெள்ளையாக ஒரு கை தெரிகிறது, கண்ணாடியில் விழுந்த பிரதிபலிப்பு. அடர்நிறத் துணி போட்டு வாருங்கள் என்று முன்பதிவு மின்னஞ்சலில் இருந்ததுதான்.

நா பாலியில் தொடக்கம் நன்றாகவே இருந்தது. வலப்பக்கம் பாறைச் சுவர், இடப்பக்கம் கடல். கலலாவ் பள்ளத்தாக்கின் வாயில் மேகம் முகட்டின் மேல் உட்கார்ந்திருந்தது, உள்ளே நுழையாமல் கடலோரமாகவே நகர்ந்தார். வானொலியில் மற்ற ஹெலிகாப்டர்கள் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தன. அடுத்த முனை தாண்டியதும் முன்னால் சாம்பல் நிறத்தில் மழைத் திரை, மேலிருந்து கடல் வரை. பைலட் வேகத்தைக் குறைத்தார். ஒரு சில விநாடிகள்தான் பார்த்திருப்பார். இடதுபக்கம், கடல் பக்கமாகவே வளைத்துத் திருப்பிவிட்டார். குரலில் மாற்றமே இல்லை, வந்த வழியே போகிறோம் என்றார்.

கவனித்துப் பார்த்தால் அதில் மூன்று சரியான காரியங்கள் இருந்தன. மழைக்கு அருகே போய்ப் பார்க்காமல் தூரத்திலேயே முடிவெடுத்தார். மலை இருக்கும் பக்கம் திரும்பாமல் திறந்த பக்கம் திரும்பினார். வெயில் இருக்கும் பகுதி பின்னால் இன்னும் திறந்திருக்கும்போதே திரும்பினார். ஹனலெய், வையாலேயாலே இரண்டும் போயின.

திரும்பும் வழியில் பெரியம்மாவுக்குக் குமட்டல். 11 மணிப் பறப்புக்கு என்று பத்து மணிக்கே மாத்திரை போட்டிருந்தார், பறப்பு தள்ளிப்போகப் போக இன்னொன்று போடலாமா கூடாதா என்று தெரியாமல் விட்டுவிட்டார். காலையிலிருந்து சரியாகச் சாப்பிடவும் இல்லை. பின்வரிசை நடு இருக்கை வேறு. பை கொடுத்தார்கள், பயன்பட்டது. ஏறி இறங்கியது மொத்தம் முக்கால் மணிக்குக் கொஞ்சம் குறைவு.

பின்விளைவு

பையனுக்கு எந்தத் தொந்தரவும் வரவில்லை. இரவு விமானத்தையும் பிடித்தார்கள், கொஞ்சம் ஓடித்தான்.

பணம் பற்றிப் பேச்சு எழுந்தது. பாதி வட்டம்தானே போனோம் என்று கணவர் கேட்டார். பாதை பைலட்டின் விருப்பத்துக்கு உட்பட்டது, புறப்பட்டுவிட்டால் திருப்பித் தருவதில்லை என்று நிபந்தனைகளில் தெளிவாக இருந்தது. அவருக்குக் கோபம். எனக்கு அந்த விதி ஒரு வகையில் பிடித்தே இருக்கிறது. திரும்பினால் நிறுவனத்துக்கு நஷ்டம் என்று வைத்தால், திரும்பும் ஒவ்வொரு முறையும் பைலட்டின் தலையில் அந்த ஐந்து டிக்கெட் உட்காரும்.

இனி எதை மாற்ற வேண்டும்

முதலாவது, வரிசை. ஹெலிகாப்டர் முதலில், டைவ் பிறகு. பறந்துவிட்டுத் தண்ணீரில் இறங்கக் காத்திருக்கத் தேவையில்லை, தண்ணீரிலிருந்து வந்து பறக்கத்தான் காத்திருக்க வேண்டும். தீவில் இறங்கிய மறுநாள் காலையே ஹெலிகாப்டரை வைத்திருந்தால், மழை வந்தாலும் தள்ளிப்போட நாட்கள் இருந்திருக்கும், கணவர் கவுன்டரில் நின்று கெஞ்ச வேண்டி வந்திருக்காது. கடைசி நாளில் வைப்பவர்கள் எல்லோரும் அந்தக் கவுன்டரில் போய் அப்படித்தான் நிற்பார்கள்.

டைவுக்கும் உயரத்துக்கும் நடுவே 24 மணி நேரம் என்றே வைத்துக்கொள்வது நல்லது, மலைச் சாலையையும் அந்தக் கணக்கில் சேர்த்து. குடும்பத்தில் யார் எதைப் பதிவு செய்தாலும் ஒரே நாள்காட்டியில் போட வேண்டும்.

எடை: கிளம்புவதற்கு முந்தின வாரம் செருப்போடு ஏறி நின்று பார்த்த எண்ணைக் கொடுக்க வேண்டும். சில நிறுவனங்கள் சுமார் 110 கிலோவைத் தாண்டினால் கூடுதல் இருக்கைக்குக் காசு வாங்கும், அதையும் முன்பே கேட்டுவிடலாம்.

குமட்டல் மாத்திரைக்கு, பறப்பு தள்ளிப்போனால் என்ன செய்வது என்பதையும் மருத்துவரிடமோ மருந்துக்கடையிலோ முன்பே கேட்டு வைக்க வேண்டும். பெரியம்மாவுக்குத் தெரியாமல் போனது அது ஒன்றுதான்.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வியாக நான் இப்போது சொல்வது ஒன்று: போன மாதம் எத்தனை பறப்புகளை வானிலைக்காக ரத்து செய்தீர்கள், எத்தனை பாதியில் திரும்பின? ஒன்றுமே இல்லை என்று பெருமையாகச் சொன்னால் வேறு இடம் பார்ப்பேன். ஹவாயில் வானிலைக் கேமராக்கள் இப்போது இயங்குகின்றன, விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். முன்னறையில் உட்கார்ந்து கவுன்டரை முறைப்பதற்குப் பதிலாக, தள்ளிப்போட்ட பறப்பின் மலை எப்படி இருக்கிறது என்று போனிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

குடும்பம் மறுபடி போகத் திட்டமிடுகிறது. இந்த முறை நாள்காட்டி பையன் கையில்.